பத்திரமாக வைத்ததால் தொலைந்த ரசீது

வாஷிங் மெஷின் திடீரென்று நின்றுபோனது. வாரண்டி முடிய இன்னும் ஒன்றிரண்டு மாதம் இருக்கும் என்பது ஞாபகம். பார்க்க வந்தவர், "வாங்கின பில்லைக் காட்டுங்க, காசில்லாமலே முடிச்சிடலாம்" என்றார். இதோ என்று உள்ளே போனவன்தான். அலமாரி மேல்தட்டு, மேசை டிராயர், கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டி என்று நான் புரட்டிக்கொண்டிருக்க, அவர் அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

மூன்றாம் நாள் கிடைத்தது. 'முக்கியமானவை' என்று நானே எழுதி ஒட்டிய ஃபைலில், பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தது. எடுத்துப் பார்த்தால் வெள்ளைத்தாள். மருந்துக்கும் ஓர் எழுத்து இல்லை.

அது தெர்மல் தாளாம். அதில் மையே கிடையாது; மேலே பூசிய ரசாயனம் சூடு பட்ட இடத்தில் கறுக்கிறது, அவ்வளவுதான். வெயில் பட்டாலும் வெப்பத்தில் கிடந்தாலும் கெட்டுவிடும். இன்னொன்றும் உண்டு: பிவிசி உறைகள் வளைந்துகொடுப்பதற்காக அவற்றில் சேர்க்கும் பொருள், ஒட்டிக்கொண்டிருக்கும் தெர்மல் எழுத்தை மெல்ல அழித்துவிடும். சும்மா ஒரு காகிதக் கவரில் போட்டிருந்தால் பிழைத்திருக்கும். கடையில் கேட்டேன், வாங்கிய தேதியைச் சொன்னால் மறுநகல் தருகிறோம் என்றார்கள். தேதி அந்தத் தாளில்தான் இருந்தது!

காசு கொடுத்துத்தான் சரிசெய்தேன். அதற்குப் பிறகு பில் வந்த அன்றே போட்டோ எடுத்துவிடுகிறேன். புது சாமானைச் சுவரோரம் தள்ளுவதற்கு முன்னால் பின்பக்கம் ஒட்டியிருக்கும் மாடல் எண், வரிசை எண் இரண்டையும் ஒரு படம். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், நாள் என்ற வரிசை: 2024-03-17 மெஷின் ரிப்பேர் பில். நாள் எண்ணை முதலில் எழுதினால் எல்லா வருடத்து 1-ம் தேதிகளும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்துகொள்ளும். இப்படி வருடத்தை முன்னால் போடுவதுதான் ஐஎஸ்ஓ 8601 என்ற உலகத் தரமும், 1988-லிருந்து.

காகிதங்களுக்கு என்னிடம் 14 பிரிவு இருந்தது. சிரிக்காதீர்கள். வண்டிக் காப்பீடு வந்தால் அது 'வண்டி'யா, 'காப்பீடா'? முடிவு செய்ய முடியாமல் மேசை மேலேயே கிடக்கும். யூகியோ நோகுச்சி என்ற ஜப்பானியப் பொருளாதார அறிஞர் 1990களில் சொன்ன முறைக்கு மாறினேன். பிரிவே வேண்டாம். ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு கவர், மேலே பெயரும் தேதியும். அலமாரியில் புத்தகம் போல நிறுத்தி, எதை எடுத்தாலும் திரும்ப இடது ஓரத்தில் வைக்க வேண்டும். அடிக்கடி வேண்டியது தானாக இடப்பக்கம் தங்கும், தொடாதது வலப்பக்கம் ஒதுங்கும். சோம்பேறி வழி மாதிரி தெரியும். ஆனால் எடுத்ததை முன்னால் வைக்கும் இந்த வழியை 1985-ல் ஸ்லீட்டர், டார்ஜன் என்ற இரண்டு கணினி அறிஞர்கள் கணக்குப்போட்டுக் காட்டியிருக்கிறார்கள்: அடுத்தடுத்து எது தேவைப்படும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒருவர் அடுக்கினாலும், அவருக்கு ஆகும் தேடல் செலவைப்போல இரண்டு மடங்குக்குமேல் நமக்கு ஆகாதாம். பிறப்புச் சான்றிதழ், வீட்டுப் பத்திரம் மட்டும் இந்த வரிசையில் இல்லை. அவை பல வருடம் தொடாமல் கிடக்கும், ஆனாலும் தூக்கிப்போட முடியாது.

*

அண்ணா, படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதில் ஒரு ஓட்டை இருக்கு, நான் விழுந்து எழுந்தவள் என்பதால் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் காகிதம் எல்லாம் அவர் பொறுப்பு. நேர்த்தியாக வைத்திருப்பார். திடீரென்று அவருக்கு ஆபரேஷன். காப்பீட்டு எண் கேட்கிறார்கள், அவரோ மயக்க மருந்தில். வீட்டுக்கு ஓடி வந்து அலமாரியைத் திறந்தால், எல்லாம் அவர் தலைக்குள் இருக்கும் வரிசையில் நிற்கிறது. 'இடப்பக்கம் நாலாவது' என்பது எடுத்து வைத்தவருக்குத்தானே தெரியும்?

இப்போது அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரே ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். எது எங்கே, எந்தக் கட்டணம் எந்தக் கணக்கிலிருந்து தானாகப் போகிறது, எதை நாம் கட்ட வேண்டும். கடவுச்சொல் எதுவும் அதில் கிடையாது. மாதம் ஒரு நாள் 20 நிமிடம் இரண்டு பேரும் உட்கார்ந்து அதைச் சரிபார்ப்போம். முதல் தடவை சண்டையில்தான் முடிந்தது, அது வேறு கதை. இன்னொன்று: காலாவதி தேதியை எழுதிப் பயனில்லை, வேலையை ஆரம்பிக்க வேண்டிய தேதியைத்தான் எழுத வேண்டும். பாஸ்போர்ட்டில் இன்னும் 6 மாதமாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. அதனால் நான் 9 மாதம் முன்னால் குறித்துவைக்கிறேன்.

*

இதைப் படிச்ச இன்னொருத்தன் நான். காகிதத்தை விடுங்க. எங்க வீட்டில் "சொன்னா செய்யமாட்டேனா?" என்று கேட்கிற ஆள் நான்தான். எது செய்யணும்னு கவனிச்சு, ஞாபகம் வச்சு, சொல்றதே ஒரு வேலைங்கறது ரொம்ப நாள் எனக்கு உறைக்கல. இப்ப துணி முழுக்க என் பொறுப்பு. துவைக்கிறது மட்டும் இல்ல, சோப்புத்தூள் தீரப்போகுதுன்னு கவனிக்கறதும்தான். போன வாரம் தீர்ந்துபோச்சு. யாரும் சொல்லல.

*

தங்கச்சி சொன்னபடி கதவுக்குள் தாள் ஒட்டிவிட்டேன். மனைவி நின்று நிதானமாகப் படித்துவிட்டு, "'முக்கியமானவை'ன்னு ஒரு ஃபைல் இருக்கே, அது இதில் இல்லையே, அதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டாள். அந்த வெள்ளைத்தாள் இன்னும் அதில்தான் இருக்கிறது.