புதுப்பிப்பு: மரப்பட்டறைக் கொட்டகைக்குச் சூடு வந்துவிட்டது

3 மீட்டருக்கு 4 மீட்டர் பலகைக் கொட்டகையில் குளிர்காலத்திலும் தச்சு வேலை செய்ய எந்த ஹீட்டர் நல்லது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் கையில் இருந்த கேஸ் ஹீட்டரைத்தான் போட்டுப் பார்த்தேன். சூடு பத்தே நிமிடத்தில் வந்தது, கூடவே ஈரமும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சுமார் 1.6 கிலோ நீராவி வரும் என்று ஒருவர் எச்சரித்தது சரிதான். மறுநாள் காலை ஜன்னலில் நீர் வழிந்தது, உளி முனையில் புள்ளி புள்ளியாகத் துரு. கார்பன் மோனாக்சைடு பயம் வேறு. அதோடு அதை ஓரங்கட்டிவிட்டேன்.

பலித்தது, "முதலில் இடுக்கை அடைத்துவிடுங்கள், அப்புறம் ஹீட்டரைப் பாருங்கள்" என்ற பதில். சுவரிலும் கூரையிலும் 50 மில்லிமீட்டர் இன்சுலேஷன் பலகை, கதவடியில் ரப்பர் பட்டை. இப்போது 1500 வாட் எண்ணெய் ரேடியேட்டரே (உள்ளிருக்கும் எண்ணெயை மின்சாரத்தால் சூடாக்கும் ஹீட்டர்) தாராளம். ஃபேன் ஹீட்டர் வாங்காததும் நல்லதாயிற்று. இருக்கிற மரத்தூளையெல்லாம் கிளப்பியிருக்கும்.

எதிர்பாராதது ஒன்று: காற்று சூடானாலும் மரம் சூடாக நேரம் பிடிக்கிறது. முதல் நாள் ஒட்டிய மூட்டு கையால் இழுத்ததுமே பிரிந்தது. குளிர்ந்த மரத்தில் பசை சரியாக இறுகாமல் சுண்ணாம்புப் பொடி போல வெளுத்திருந்தது. ஒட்ட வேண்டிய துண்டுகளை இப்போதெல்லாம் முந்தைய இரவே வீட்டுக்குள் வைத்துவிடுகிறேன்.

அப்புறம், சுருளைப் பிரிக்காமல் மாட்டிய எக்ஸ்டென்ஷன் வயர் கை வைக்க முடியாதபடி சுட்டது. எலக்ட்ரீஷியனை அழைத்துத் தனி லைன் இழுத்தாயிற்று.