காய்ந்த பூ வளையம் மழைக்காலத்தைத் தாங்குமா? கட்டிப் பார்த்தவங்க சொல்லுங்க

முத்துநகர்க்காரி, தூத்துக்குடி:
எங்க ஊர்னா எல்லாருக்கும் உப்பும் மீனும் மக்ரூனும்தான் ஞாபகம் வரும். காய்ந்த பூ கப்பலேறுறது பல பேருக்குத் தெரியாது. இந்தியாவில் இந்தத் தொழிலுக்குப் பேர்போன ஊர்கள்ல தூத்துக்குடியும் ஒண்ணு. பக்கத்து வீட்டு அக்கா அப்படி ஒரு கம்பெனியில் தரம் பிரிக்கிற வேலை பார்த்தவங்க. விதை உதிர்ந்த தாமரைக் காய், பஞ்சு எடுத்த பிறகு மிஞ்சுற பருத்தி ஓடு, பனை ஓலைத் துண்டு எல்லாத்தையும் காயவெச்சு, சிலதை பெராக்சைடில் வெளுத்து, சாயம் ஏத்தி அனுப்புவாங்களாம்.

கிறிஸ்துமஸுக்கு வாசல்ல மாட்ட ஒரு வளையம் கட்டணும்னு நவம்பர்ல அவங்ககிட்ட போய் நின்னேன். “இப்ப வந்து கேக்கியே! பூவைச் சித்திரையில காயவைக்கணும், மார்கழியில கட்டணும்”னாங்க. அவங்க வீட்டுப் பரண்ல கோடையில் காயவெச்ச வாடாமல்லி இருந்ததால தப்பிச்சேன். கொத்தை நூலால் கட்டாம ரப்பர் பேண்டு போடணும். காம்பு காயக் காய ஒல்லியாகும், நூல்ல இருந்து உருவிக்கிட்டு விழும். தலைகீழாத் தொங்கவிட்டாத்தான் காம்பு வளையாது. வெயில் படாத இருட்டு அறையா இருந்தா நிறம் வெளுக்காது. இந்த மூணையும் அவங்ககிட்டதான் கத்துக்கிட்டேன். மழை பெய்யிற ஊர்க்காரங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?

மொட்டைமாடி, சென்னை:
சமாளிக்கிறதெல்லாம் இல்லைங்க, தேர்ந்தெடுக்கிறதுதான். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ எங்க குடியிருப்புல ரெண்டு கதவுல வளையம் தொங்குச்சு. எதிர் வீட்டுக்காரங்க வாங்கினது ரோஜாவும் ஹைட்ராஞ்சியாவும் வெச்ச அழகான வளையம். கரண்ட் இல்லாம, ஜன்னலைத் திறக்க முடியாம கிடந்த நாட்கள்ல அது முழுக்கப் பூசணம் பிடிச்சிடுச்சு. எங்க வீட்டுது வாடாமல்லியும் கோழிக்கொண்டையும். மழை விட்டதும் ஃபேனுக்குக் கீழே வெச்சு எடுத்தேன், பழையபடி ஆயிடுச்சு. வாடாமல்லியில் நாம பார்க்கிற ஊதா நிறம் இதழே இல்லை. பூவை மூடியிருக்கிற செதில். செடியில் இருக்கும்போதே காகிதம் மாதிரி மொறமொறன்னுதான் இருக்கும், அழுகுறதுக்கு அதுல ஈரம் குறைவு. ரோஜா இதழ் முழுக்கத் தண்ணி. அதை எப்படிக் காயவெச்சாலும் கடலோரக் காத்துல மறுபடி ஈரத்தை இழுத்துக்கும்.

இன்னொண்ணு. பசைக் குச்சியை உருக்கி ஒட்டுற பசை துப்பாக்கியை நம்பாதீங்க. மேற்குப் பார்த்த கதவுல ஏப்ரல் வெயில் பட்டா பசை இளகிப் பூ ஒவ்வொண்ணா உதிரும். கோவில் வாசல்ல பூக்கட்டுற அம்மாகிட்ட கம்பி வளையத்தைக் கொடுத்து, காயாத வாடாமல்லியை வாழைநார்ல நெருக்கிக் கட்டித் தரச் சொன்னேன். “இது எந்தச் சாமிக்கும்மா?”ன்னு கேட்டாங்க. கதவுக்குன்னேன். சிரிச்சுக்கிட்டே பத்து நிமிஷத்துல கட்டிட்டாங்க. காய்ஞ்ச பிறகும் இடைவெளி தெரியலை.

கொங்குக்காத்து, ஈரோடு:
நம்ம பக்கம் இது புதுசே இல்லைங்க. போகிக்குக் காப்புக் கட்டுறோமே, வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ சேர்த்து வாசல்லயும் கூரையிலயும் சொருகுறது? அதைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. வேப்பிலை காய்ஞ்சு சருகா உதிரும். ஆவாரம்பூ மஞ்சள் போய்ப் பழுப்பாகும். பூளைப்பூ மட்டும் மாசக்கணக்குல வெள்ளையா நிற்கும். பொங்கல் முடிஞ்சு மிஞ்சின பூளைப்பூவை வீசாம எடுத்து வெச்சுத்தான் நான் வளையம் கட்ட ஆரம்பிச்சேன்.

சட்டத்துக்குக் கம்பியும் வேண்டாமுங்க. வேலியோரம் படர்ற ஓணாங்கொடியைப் பச்சையா அறுத்து, இலையை உருவிட்டு, ஒண்ணுமேல ஒண்ணு முறுக்கிச் சுத்துனா வளையம். காய்ஞ்சா இறுகிக்கும், அந்த முறுக்குல காம்பைச் சொருகினாலே நிற்கும்.

ஆனா மாமியார் அதைப் பார்த்துட்டு முகம் சுளிச்சாங்க. “வட்டமாப் பூ வெச்சு வாசல்ல மாட்டுனா, பாக்கறவிய எழவு விழுந்த ஊடுன்னு நெனைப்பாங்க கண்ணு.” அவிய சொன்னதுல தப்பில்லைங்க, நம்மூர்ல முழு வட்டமாப் பூவைப் பார்க்கிறது துக்க வீட்லதானே. அதுக்காகக் கழட்டி வைக்கவும் மனசில்லை. கீழ்ப்பக்கம் ஒரு ஓரமா பிறை மாதிரி மட்டும் பூ வெச்சு, மீதிக் கொடி வெறுமையாத் தெரியிற மாதிரி மாத்துனேன். நடுவுல ஒரு சிவப்புச் சோளக் கதிர். இப்ப மகள் ஊட்டுக்கும் ஒண்ணு கேக்கறாங்க. எனக்கும் இந்த அரை வளையம்தான் பிடிக்குது, முழுசா அடைச்சது எப்பவுமே கனமாத் தெரியும்.

தேயிலைமேடு, கோத்தகிரி:
இங்கே எங்களுக்குப் பனிமூட்டமே போதும். ஊட்டிப் பக்கம் கட்டுக்கட்டா விக்கிற காகிதப்பூ (வைக்கோல் மாதிரி சரசரன்னு இருக்குமே, அது) காத்துல ஈரம் ஏறினா குவிஞ்சுக்கும், காய்ஞ்சா விரியும். பைன் காயும் அப்படித்தான். ரெண்டையும் வெச்சுக் கட்டின வளையம் மூடுபனி நாள்ல சுருங்கிப்போய் மாட்டியிருக்கும். கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டுடாதீங்க, வெயில் வந்ததும் தானா விரியும். காகிதப்பூவை முழுசா மலர்றதுக்கு முன்னாடியே பறிக்கணும்; காயும்போதும் விரிஞ்சுக்கிட்டே போகும், மலர்ந்ததைப் பறிச்சா நடு மஞ்சள் பஞ்சாப் பறக்கும். பைன் காயில் பூச்சி இருக்கும், நல்ல வெயில்ல போட்டு எடுங்க. காப்புக்காட்டுக்குள்ள போய்ப் பொறுக்காதீங்க, வனத்துறை பிடிச்சா பதில் சொல்லணும். எஸ்டேட் ஓரத்துல விழுறதே தாராளம்.

காவேரிக்கரை, தஞ்சாவூர்:
நெற்கதிரும் தினைக்கதிரும் வெச்சுக் கட்டினேன். அணில் தின்னுட்டுப் போயிடுச்சு. குருவிக்குன்னு கதிரைப் பின்னித் தொங்கவிடுற வழக்கம் உள்ள ஊர்தானே, அணிலைக் கோவிச்சு என்ன செய்ய? இப்ப வளையம் வீட்டுக்குள்ள, கதிர் மட்டும் தாழ்வாரத்துல.

முத்துநகர்க்காரி, தூத்துக்குடி:
ஈரோட்டுக்காரங்களே, அந்தப் பூளைப்பூ இங்க தேரியோரமா (செம்மணல் மேடு) நிறைய கிடக்கு, இத்தனை நாள் களைன்னு நினைச்சேன்! எடுத்து வைக்கிறதைப் பத்தியும் அக்காகிட்ட கேட்டேன். அட்டைப் பெட்டியில் செய்தித்தாள் சுத்தி, செருப்புப் பெட்டியில் வர்ற சிலிக்கா பொட்டலமும் ரெண்டு துண்டு வசம்பும் போடச் சொன்னாங்க. பிளாஸ்டிக் பை மட்டும் கூடாதாம், உள்ளேயே வேர்த்துடும். தஞ்சாவூர்க்காரங்க பெட்டியைப் பரண்ல வைக்கும்போது எலியையும் யோசிச்சுக்கோங்க.