கிரிம்சன் குயின் மேப்பிள்: மேல இலை கருகுது, அடியில பச்சையா துளிர்க்குது

எடிசன்வாசி:
எல்லாருக்கும் வணக்கம், நியூஜெர்சில இருக்கோம். போன வருஷம் ஏப்ரல்ல ஒரு ஜப்பனீஸ் மேப்பிள் வச்சேன், கிரிம்சன் குயின், இலை நாராக் கிழிச்சு விட்ட மாதிரி செவப்பா தொங்குமே அந்த வகை. வச்சப்போ இடுப்பு உயரம், இன்னிக்கும் இடுப்பு உயரம்தான். வளரலையேன்னு புல்லுக்குப் போடுற உரத்தையே ரெண்டு தடவை போட்டேன், ஸ்பிரிங்க்ளர் தினமும் பத்து நிமிஷம் ஓடுது. இந்த ஜூலைல இலை நுனியெல்லாம் பழுப்பாகி தொட்டா அப்பளம் மாதிரி நொறுங்குது. மேற்குப் பக்கம் செங்கல் சுவர் ஓரமா நிக்குது. ஒரே ஆறுதல், அடியில இருந்து ரெண்டு குச்சி ரெண்டே மாசத்துல ரெண்டடி போயிருக்கு, இலை அகலமா நல்ல பச்சை. பொண்ணு பொறந்த வருஷம் வச்ச மரம்ங்க, போயிடக்கூடாது.

குறிஞ்சி:
அந்த ரெண்டு குச்சியை முதல்ல எடுத்துடுங்க. கிரிம்சன் குயின் ஒட்டுச்செடி, சாதாரண பச்சை மேப்பிள் வேர்ல ஒட்டு கட்டி விக்கிறாங்க. நம்ம ஊர்ல ஒட்டு மாங்கன்னுல ஒட்டுக்குக் கீழ துளிர்த்தா கிள்ளிப் போடுவாங்கல்ல, அதே கதைதான். விட்டா பச்சை மரம் ஜெயிச்சு மேல இருக்கற செவப்பு செத்துப்போகும். தண்டுல லேசா முடிச்சு மாதிரி ஒரு இடம் தெரியும், அதுக்குக் கீழ வர்றது எதுவா இருந்தாலும் ஒட்ட வெட்டிடுங்க, கத்தரியை ஸ்பிரிட்ல துடைச்சுட்டு.

தோட்டத்துமாமா:
தம்பி, வளரலைன்னு கவலையே படாதீங்க, இந்த வகை மேல போறதை விட அகலமாத்தான் போகும், வருஷத்துக்கு அரை அடி வளர்ந்தாலே நல்ல வளர்ச்சி. உரத்தை நிறுத்துங்க, புல் உரத்துல நைட்ரஜன் ஜாஸ்தி, இளம் வேரைக் கருக்கிடும். சாயங்கால வெயிலும் செங்கல் சுவர் திருப்பி அடிக்கிற சூடும் சேர்ந்துதான் இலையைப் பொசுக்குது. வேர் மேலாப்புல நார் நாரா ஓடுற மரம் இது, தினம் பத்து நிமிஷம் தெளிச்சா மேல் மண்ணு மட்டும்தான் நனையும், வாரம் ரெண்டு தடவை ஹோஸை மெதுவா விட்டு ஆழமா நனையட்டும். சுத்தி ரெண்டு மூணு இன்ச் மரப்பட்டை மூடாக்கு போடுங்க, தண்டைத் தொடவே கூடாது. கருகின இலை திரும்பப் பழையபடி ஆகாது, பறிக்காம விடுங்க. இன்னொண்ணு, தண்டு மண்ணுக்குள்ள போற இடம் எப்படி இருக்குன்னு விரலால நோண்டிப் பாத்துச் சொல்லுங்க.

எடிசன்வாசி:
பச்சைக் குச்சியை வெட்டிட்டேன், மனசே வரல. மாமா சொன்ன மாதிரி நோண்டினேன், தண்டு கம்பம் நட்ட மாதிரி நேரா இறங்குது, மூணு இன்ச் கீழ போனப்புறம்தான் அகலமாகுது. பென்சில் தடிமன்ல ஒரு வேர் தண்டைச் சுத்தி ஒட்டிக்கிட்டிருக்கு.

தோட்டத்துமாமா:
ஆழமா நட்டிருக்கீங்க, அதான் மூல காரணம்னு நெனைக்கிறேன். தண்டு விரிஞ்சு வேராகுற இடம் வெளிய தெரியணும், அந்த மூணு இன்ச் மண்ணையும் கையாலயே எடுத்துடுங்க, ஷவல் வேண்டாம், பட்டை கிழிஞ்சுடும். சுத்தின வேர் நர்சரித் தொட்டியில இருந்தப்பவே வளைஞ்சது, அது தடிக்கத் தடிக்க தண்டை நெரிச்சிடும், ஆனா இந்த வெயில்ல வெட்டாதீங்க. நவம்பர்ல இலை கொட்டினதும் மரத்தைக் கிழக்குப் பக்கம் மாத்துங்க, அப்போ வெட்டிக்கலாம். ஆழத்தை விட அகலமா தோண்டி வேர்மண்ணோட தூக்குங்க. காலை வெயில் நாலு மணி நேரமாவது வேணும், முழு நிழல்ல வச்சா செவப்பு மங்கிடும். அதுக்குள்ள ஒரு பக்கக் கிளை மட்டும் திடீர்னு வாடினா வெட்டிப் பாருங்க, உள்ள கருங்கோடு தெரிஞ்சா வெர்ட்டிசிலியம்னு ஒரு மண் பூஞ்சையா இருக்கலாம், அதுக்கு மருந்து கிடையாது.

கோவைக்காரி:
நடுவுல கேக்குறேன், கோயம்புத்தூர்ல வருமா இது?

குறிஞ்சி:
கஷ்டம்ங்க. குளிர்காலத்துல இலை கொட்டித் தூங்கி எழுந்திரிக்கிற மரம், குளிர் பத்தலைன்னா வருஷா வருஷம் மெலிஞ்சுக்கிட்டே போகும். ஊட்டி, கொடைக்கானல்ல யாராவது சொந்தக்காரங்க இருந்தா அங்க வச்சுப் பாக்கலாம்.

எடிசன்வாசி:
மண்ணை எடுத்துட்டேன், தண்டு விரியுற இடம் இப்போ நல்லாத் தெரியுது. மதியத்துக்கு மேல ஒரு பழைய வேட்டியைக் கட்டி நிழல் குடுத்திருக்கேன். நவம்பர்ல மாத்தினதும் வந்து எழுதுறேன் மாமா.