'ஹரிகேச' என்று இருந்தால் பாகவதர் கையெழுத்துதானா?

கல்பாத்தி68:
எல்லோருக்கும் நமஸ்காரம். பாலக்காடு பழைய கல்பாத்தியில் இருக்கிறேன். போன தேர் சமயத்தில், பழைய காகிதம் விற்கும் ஒருவரிடம் ஒற்றைத் தாள் ஒன்றை ஆறாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் தன் கைப்பட எழுதிய கீர்த்தனை என்றார். மேலே ஸ்வரம், கீழே சாகித்யம், எல்லாம் தமிழ் எழுத்தில். சரணத்தில் வரும் 'ஹரிகேச' என்ற இடத்தில் விரலை வைத்து, "இதோ கையெழுத்து" என்று காட்டினார். பாகவதர் திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் சங்கீத அகாடமியில் முதல் பிரின்சிபாலாக இருந்தவராயிற்றே, அங்கிருந்து இந்தப் பக்கம் வந்திருக்கும் என்று நானும் நம்பிவிட்டேன். என் பாட்டி அவர் பாட்டைப் பாடித்தான் என்னைத் தூங்க வைப்பாள். இது உண்மையா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?

வாலாஜா வீணை:
அண்ணா, அது முத்திரை, அதாவது பாட்டை இயற்றியவர் பாட்டுக்குள்ளேயே வைக்கும் அடையாளப் பேர். கையெழுத்து வேறு. தியாகராஜருக்கு 'த்யாகராஜ', தீட்சிதருக்கு 'குருகுஹ' மாதிரி. பாட்டை யார் படி எடுத்தாலும் அந்தப் பேரும் கூடவே வந்துவிடும். எங்கள் ஊர் வெங்கடரமண பாகவதர் தியாகராஜரின் நேர் சிஷ்யர். அவர் வழி வந்த சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. சிஷ்யர் படி எடுத்த குருவின் பாட்டிலும் முத்திரை குருவுடையதுதான்.

ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். பாகவதர் காலமானது 1945-ல், அதனால் பால் பாயிண்ட் என்றால் பேச்சே இல்லை. நிப் பேனாவாக இருந்தால் அழுத்தின இடத்தில் கோட்டின் இரு ஓரமும் கறுத்திருக்கும். அப்புறம், அடித்தல் திருத்தல் எங்கே, எப்படி என்று பாருங்கள்.

தொடுபுழை வயலின்:
அடித்தல் பற்றிச் சொன்னது ரொம்ப சரி. பீத்தோவன், நாலு தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய தன் 'குரோஸ ஃபூக' என்ற படைப்பை நாலு கை பியானோவுக்கு (ஒரே பியானோவில் இருவர் வாசிக்க) மாற்றி எழுதிய 80 பக்கப் பிரதி, 2005-ல் அமெரிக்காவில் பாதிரியார்களுக்கான ஒரு செமினாரிக் கல்லூரி அலமாரியில் கிடைத்தது. அழித்து அழித்துச் சில இடத்தில் தாளே ஓட்டை. லண்டன் ஏலத்தில் 11 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. யோசிக்கிற கை அப்படித்தான் தடுமாறும். படி எடுக்கிற கை தவறுவது வேறு விதம், வரி விட்டுப்போகும்.

கல்பாத்தி68:
நேற்று ராத்திரி மச்சினன் வாட்ச் ரிப்பேர் லென்ஸைக் கொண்டுவந்தான். நிப் பேனாதான், நீல மை. 'னை', 'லை' இரண்டும் பழைய தும்பிக்கைக் கொம்போடு இருக்கின்றன. அதுவரை சந்தோஷம்.

பிறகு சரணத்துக்கு வந்தேன். ஓர் அடி விட்டுப்போய், ஓரத்தில் பொடி எழுத்தில் சேர்த்திருக்கிறது. விட்டுப்போன அடிக்கும் அடுத்து வரும் 'ஹரிகேச' அடிக்கும் இரண்டாம் எழுத்து 'ரி'. எதுகை ஒன்றாக இருப்பதால் கண் ஓர் அடி தாவியிருக்கிறது! தன் பாட்டைத் தானே எழுதுகிறவர் அங்கே தாவமாட்டார். எதிரே ஒரு தாளை வைத்துப் பார்த்து எழுதியவர்தான் தாவுவார். அதைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் கனத்துப்போனது, மறைக்கவில்லை.

ஆனால் ஓரத்தில் அந்த அடியைச் சேர்த்தது வேறு கை. மை கருப்பு, எழுத்து சாய்வு. அதே கை இரண்டு ஸ்வரத்துக்கு மேல், அசைத்துப் பாடவேண்டும் என்று காட்டும் கமகக் கோடும் போட்டிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொன்னவராக இருக்கவேண்டும். யாராக இருக்கும்?

வாலாஜா வீணை:
அவசரப்பட்டுப் பேர் வைக்காதீர்கள் அண்ணா. பாகவதர் கைப்பட எழுதிய கடிதம் ஒன்றின் நல்ல படம் கிடைத்தால், அந்த 'ரி'யின் சுழியையும் 'க'வின் கீழ்வளைவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதுவரை லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். மழைக்காலம் வருகிறது, சுவரோரப் பீரோவிலும் வைக்காதீர்கள்.

கல்பாத்தி68:
சரி. பீரோவிலிருந்து எடுத்துவிட்டேன். கருப்பு மை வரிகளை மட்டும் பெரிதாகப் படம் எடுத்து நாளைக்குப் போடுகிறேன்.