வாட்ஸ்அப் குழு: பாளையங்கோட்டை வீடு 🏠

*வெள்ளி*

[00:00] அம்மா: எஞ்சாமிக்கு முப்பதாவது பிறந்தநாள் வாழ்த்துகள் 🎂 தீர்க்காயுசா இருய்யா

[00:01] சித்தி: ஹாப்பி பர்த்டே சங்கர் 🌹🌹🌹

[00:04] சங்கர்: அம்மா, இங்க இன்னும் வியாழக்கிழமை ராத்திரி எட்டரைதான். ஜெர்மன்காரங்க நாள் பிறக்கறதுக்கு முன்னாடி வாழ்த்தவே மாட்டாங்க, ஆகாதாம். உன் மெசேஜைப் படிச்சுச் சொன்னேன், பக்கத்துல ஒருத்தன் முகமே மாறிட்டு

[00:06] அம்மா: உன்னைப் பெத்தது ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில. இங்க தேதி மாறினா உனக்குப் பிறந்தநாள். அவன்கிட்ட சொல்லு

[00:07] ராஜு மாமா: அக்கா சொல்லுதது சரிதான். மருமவனே, நாளைக்கு என்ன விசேஷம்?

[00:10] சங்கர்: ஆபீஸுக்கு நான்தான் கேக் கொண்டு போகணும் மாமா

[00:11] சித்தி: பிறந்தநாள் பிள்ளையே வாங்கணுமா! நல்ல ஊருடே

[00:13] சங்கர்: இங்க அப்படித்தான் சித்தி. கொண்டு போகலேன்னா கஞ்சன்னு பேராயிரும். கேக்கோட ரவா கேசரியும் கிண்டி வச்சிருக்கேன்

[09:20] அம்மா: நெல்லையப்பர் கோயில்ல அர்ச்சனை பண்ணியாச்சு. நட்சத்திரத்துக்கு அடுத்த வாரம் தனியா பண்ணணும்

[18:40] பவி: அண்ணா, கேசரி போணியாச்சா?

[18:52] சங்கர்: ரவையை இங்க பாலில் கஞ்சியாக் காய்ச்சி சின்னப் பிள்ளைகளுக்குக் குடுப்பாங்க. அது ஆரஞ்சு கலர்ல, நெய்யும் முந்திரியுமா வரவும் ஒரு நிமிஷம் முழிச்சாங்க. அப்புறம் சட்டியை வழிச்சுட்டாங்க

[18:55] அப்பா: குடுத்துவிட்ட அல்வா?

[18:56] சங்கர்: அதை ஆபீஸுக்குக் கொண்டு போவேனாப்பா 😄

*சனி*

[21:05] சங்கர்: 📷 படம்
[21:05] சங்கர்: 📷 படம்
[21:06] சங்கர்: 📷 படம்

[21:08] அம்மா: ஐயா, ஏன் தெருக் கூட்டுதே?? வேலை போயிட்டா?

[21:09] ராஜு மாமா: 😂😂😂

[21:13] சங்கர்: தெரு இல்லம்மா, பிரேமன் கதீட்ரல் படிக்கட்டு. இந்த ஊர்ல முப்பது வயசாகியும் கல்யாணம் ஆகாத ஆம்பளை, பிறந்தநாளைக்கு இந்தப் படியைக் கூட்டணும். கூட இருக்கறவங்க சோடா மூடியா கொட்டுவாங்க. ஒரு பக்கம் கூட்டி முடிக்கறதுக்குள்ள மறுபக்கம் கொட்டிருவாங்க. துடைப்பம்னு குடுத்தாங்களே, அதுல குச்சிதான் இருந்துச்சு

[21:14] அம்மா: சோடா மூடியா பீர் மூடியா

[21:14] சங்கர்: மூடிதான்மா

[21:16] பவி: பொண்ணுங்களுக்கு?

[21:17] சங்கர்: அதே கோயில் கதவுக் கைப்பிடியைத் துடைச்சுப் பளபளன்னு ஆக்கணும். உனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு

[21:18] சித்தி: அடுத்த தையில முடிச்சிருவோம், இவ துடைக்க வேண்டாம்

[21:20] ராஜு மாமா: ரெண்டாவது படத்துல கத்தியும் கேடயமுமா நிக்காரே, காவல் தெய்வமா?

[21:23] சங்கர்: ரோலண்ட் சிலை மாமா. 1404ல வச்சது. அது நிக்கிற வரைக்கும் ஊர் யாருக்கும் அடிமையாகாதுன்னு நம்பிக்கை. பக்கத்துல இருக்கற டவுன்ஹாலையும் சேர்த்து 2004ல யுனெஸ்கோ பட்டியல்ல போட்டாங்க

[21:24] ராஜு மாமா: அப்போ நம்ம சுடலைமாடன் மாதிரிதான். சரி

[21:26] சங்கர்: அந்தாண்ட கழுதை, நாய், பூனை, சேவல் ஒண்ணு மேல ஒண்ணா நிக்கிற சிலை இருக்கு. கழுதையோட முன்னங்கால் ரெண்டையும் ரெண்டு கையால பிடிச்சு நினைச்சா நடக்குமாம். ஒத்தக் கையால பிடிச்சா, கழுதைக்குக் கழுதை கை குடுக்குதுன்னு சிரிப்பாங்க

[21:27] வித்யா அக்கா: நீ ஒத்தக் கைதானே

[21:27] சங்கர்: ரெண்டு கை!

[21:28] வித்யா அக்கா: என்ன நினைச்சே?

[21:30] அம்மா: எவ்வளவு நேரம் கூட்டினே? இடுப்பு வலிக்கப் போகுது

[21:33] சங்கர்: ஒரு பொண்ணு வந்து முத்தம் குடுத்து விடுவிக்கற வரைக்கும்மா. கன்னத்துலதான். அதுதான் சம்பிரதாயம்

[21:33] சித்தி: 😳

[21:34] ராஜு மாமா: வந்தாளா?

[21:37] வித்யா அக்கா: மூணாவது படத்தை எதுக்குடா பாதியில வெட்டியிருக்கே?

[21:38] அம்மா: ஓரத்துல மஞ்சத் துப்பட்டா தெரியுது. ஜெர்மன்காரி துப்பட்டா போடுவாளா?

[21:39] பவி: பெரியம்மா கண்ணு 🔥

[21:45] சங்கர்: ஜெர்மன்காரி இல்லம்மா. தமிழ்தான். இங்கேயே பிறந்து வளர்ந்தவ. அவங்க அப்பா அம்மா யாழ்ப்பாணம், 80கள்ல சண்டைக்குத் தப்பி வந்தவங்க. போன வருஷம் இங்க ஹாம்ங்கற ஊர்ல காமாட்சி அம்மன் கோயில் தேருக்குப் போனேன்ல, அப்போ பழக்கம்

[21:45] வித்யா அக்கா: தேருக்குப் போறேன்னு சொல்லும்போதே நினைச்சேன்

[21:46] சித்தி: தமிழ் பேசுவாளா?

[21:47] சங்கர்: நம்மளைவிட நல்லாப் பேசுவா. நான் "லே"ன்னா சிரிப்பா

[21:52] அப்பா: அந்தப் பிள்ளை பேர் என்ன?

[21:53] சங்கர்: துளசிப்பா

[21:55] அப்பா: வெட்டாத படத்தை அனுப்பு.

[21:55] அம்மா: அதுக்கு முன்னாடி போனை எடு

[21:56] 📞 அம்மா: தவறிய வீடியோ அழைப்பு

[21:57] ராஜு மாமா: மருமவனே, பொறுமையா எடு. முதல்ல நான் அக்காகிட்ட பேசிக்கிடுதேன்