பருவகால உணவு விளம்பரம்: ஆண்டு முழுக்க ஒரே முகமா, பருவத்துக்கு ஒரு முகமா?

மஞ்சள்கோப்பை:
சின்ன உணவு நிறுவனம் ஒன்றில் விளம்பர வடிவமைப்பு என் பொறுப்பு. வெயில் காலத்துக்குப் பழச்சாறும் ஐஸ்கிரீமும், குளிர் காலத்துக்கு சூப்பும் கேக்கும் விற்கிறோம். அடுத்த ஆண்டு முழுவதற்குமான விளம்பரங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று இந்த மாதத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும். அலுவலகம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. பருவத்துக்குப் பருவம் பின்னணி, எழுத்துரு, ப்ராப் (உணவைச் சுற்றி வைக்கும் அலங்காரப் பொருள்) எல்லாவற்றையும் மாற்றிவிட வேண்டும் என்கிறது ஒரு கூட்டம். எதையும் மாற்றாதே, உணவு மட்டும் மாறினால் போதும் என்கிறது இன்னொரு கூட்டம். நான் இரண்டாவது கூட்டம்.

காரணம் இருக்கிறது. போன ஆண்டு விளம்பரங்களைப் பருவத்துக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டு செய்தோம். எல்லாவற்றையும் ஒரே சுவரில் ஒட்டிப் பார்த்தால் நான்கு கம்பெனிகளின் விளம்பரம் மாதிரி இருந்தது. எங்கள் விற்பனைப் பிரிவு ஆள் ஒருவரே சூப் போஸ்டரைப் பார்த்து, “இது யாரோடது?” என்று கேட்டார். அதற்கு மேல் எனக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. தப்பு என்றால் சொல்லுங்கள்.

கட்டைவிரல்:
தப்புதான். நான் போனில் வரும் விளம்பரங்களை மட்டும் செய்கிறவன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். உங்கள் விளம்பரத்தை யாரும் சுவரில் வரிசையாக ஒட்டிப் பார்ப்பதில்லை. கட்டைவிரல் தள்ளிக்கொண்டே போகும்போது அரை நொடி கண்ணில் படும். அந்த அரை நொடியில் “வெயில், தாகம்” என்றோ “குளிர், சூடு” என்றோ உறைக்க வேண்டும். பன்னிரண்டு மாதமும் ஒரே முகம் காட்டினால் அது வீட்டுச் சுவர் நாட்காட்டி போல ஆகிவிடும். இருக்கும், ஆனால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஸ்டார்பக்ஸ் காபிக் கடைகளைப் பாருங்கள். 1997 முதல் ஆண்டிறுதிக்கென்று தனிக் கோப்பை விடுகிறார்கள். படம் ஒவ்வொரு ஆண்டும் புதிது. கோப்பை வந்தாலே பருவம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அச்சுமை:
அந்த உதாரணம் எங்கள் பக்கம்தான் பேசுகிறது நண்பரே. கோப்பையில் படம் மாறும், ஆனால் சிவப்பு பெரும்பாலும் நிலைத்துவிட்டது, நடுவில் இருக்கும் முத்திரை அசையவில்லை. 2015-இல் படங்களையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் சிவப்பாக விட்டார்கள். பண்டிகைக் களையே இல்லை என்று பெரிய சண்டை நடந்தது. ஆனால் இது யாருடைய கோப்பை என்று ஒருவரும் கேட்கவில்லை.

எதிர் உதாரணமும் இருக்கிறது. 2011 குளிர் காலத்துக்கு கோகோ கோலா தன் சிவப்பு கேனை வெள்ளையாக்கி, பனிக்கரடிப் படம் போட்டது. நோக்கம் நல்ல நோக்கம்தான், பனிக்கரடிகளைக் காப்பதற்கான பிரசாரம். ஆனால் வெள்ளிநிற டயட் கோக் கேன் என்று நினைத்துப் பலர் மாற்றி எடுத்துவிட்டார்கள். பருவம் முடியும் முன்பே சிவப்பு கேன் திரும்பி வந்தது. பருவத்துக்காக முகத்தை மாற்றினால் இதுதான் நடக்கும்.

கட்டைவிரல்:
அது கேன், விளம்பரம் இல்லை! கடை அலமாரியில் கை நிறத்தைத் தேடித்தான் போகும், அங்கே நிறத்தை மாற்றுவது மடத்தனம், ஒப்புக்கொள்கிறேன். விளம்பரத்தில் யாரும் எதையும் தேடுவதில்லை, நாம்தான் வழிமறிக்க வேண்டும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

அச்சுமை:
பாதி சரி. ஆனால் விளம்பரத்தில் பார்த்த முகத்தைத்தானே கை அலமாரியில் தேடும்? அதே கம்பெனி 1931-இலிருந்து முப்பது ஆண்டுக்கு மேல் ஹாடன் சன்ட்ப்ளாம் வரைந்த சாண்டாவை வைத்துக் குளிர்கால விளம்பரம் போட்டது. சாண்டாவின் அங்கி என்ன நிறம்? பருவமும் வந்துவிட்டது, முகமும் மாறவில்லை.

ஓரவெளிச்சம்:
நானும் படித்துக்கொண்டே வருகிறேன், நிறத்தையும் ப்ராப்பையும் தாண்டி யாருமே பேசவில்லை. உணவுப் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். எனக்குப் பருவம் என்றால் முதலில் வெளிச்சம்.

கோடை நண்பகலில் வெயில் உச்சியில் நிற்கும். நிழல் குட்டையாக, ஓரம் கத்தியால் வெட்டின மாதிரி இருக்கும். குளிர் காலத்தில் சூரியன் தாழ்ந்து வரும், நிழல் மேசை முழுக்க நீளும். நிறமும் வேறு. வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் நண்பகல் வெளிச்சம் 5500-ஐ ஒட்டி இருக்கும், தாழ்ந்த வெயிலும் வீட்டுக் குண்டு பல்பும் அதைவிட மிகக் கீழே, மஞ்சளாக. இது எந்த ஊர்க்காரருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை, உடம்புக்கே தெரியும்.

அதனால் நான் என்ன செய்வேன் என்றால்: தட்டு, மேசை, எழுத்துரு, லோகோ இருக்கும் இடம் எல்லாம் ஆண்டு முழுக்க ஒன்று. பழச்சாறுக்கு, வெளிச்சத்தை மென்மையாக்கும் சாப்ட்பாக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் ஃபிளாஷை உயரத்தில் வைப்பேன். கண்ணாடி டம்ளருக்குப் பின்னால் டம்ளர் அளவுக்கே வெட்டின வெள்ளை அட்டை ஒன்று, இல்லாவிட்டால் சாறு கறுத்துப்போய் மருந்து மாதிரி தெரியும். சூப்புக்கு விளக்கைப் பக்கவாட்டில் மேசை மட்டத்துக்கு இறக்கி, வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூஷன் துணி வழியாக விடுவேன். ஒரே மேசை, ஒரே கம்பெனி, இரண்டு பருவம். காய்ந்த இலையும் பஞ்சுப் பனியும் வேண்டவே வேண்டாம். படத்தில் இலையைத் தூவுகிறார் என்றால் வெளிச்சத்தில் தோற்றுவிட்டார் என்று அர்த்தம் (கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன், நானும் தூவியிருக்கிறேன்).

சும்மா_வந்தேன்:
நான் விளம்பரத் தொழிலில் இல்லை, சாப்பிடுகிற பக்கம் மட்டும். ஒரு சந்தேகம். டிசம்பர் என்றால் எல்லாரும் பனி போடுகிறார்களே, பூமியின் தென்பாதியில் அப்போது கோடைதானே? வேர்த்து ஊற்றும்போது பனிப்பொழிவைக் காட்டி சூப் விற்க வந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

வெந்நீர்:
சும்மா வந்தவர்தான் சரியாகக் கேட்டிருக்கிறார். மற்ற எல்லாரும் வானத்திலேயே பேசுகிறீர்கள். நான் ஃபுட் ஸ்டைலிஸ்ட், படத்துக்காக உணவை அலங்கரித்து வைப்பவள். என் கேள்வி ஒன்றுதான்: படம் எடுக்கும் தேதி என்ன?

கோடை விளம்பரத்தை மூன்று நான்கு மாதம் முன்பே எடுத்துவிடுவோம். அப்போது கோடைப் பழம் சந்தையிலேயே இருக்காது. குளிர்சாதனக் கிடங்கிலிருந்து வரும் பழத்தில் காம்பும் இருக்காது, இலையும் இருக்காது. “இப்போதுதான் பறித்தது போல” என்று மூட் போர்டில் (படம் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டும் மாதிரிப் பலகை) எழுதி அனுப்பிவிடுவார்கள், பறிக்க மரத்தில் ஒன்றுமே இருக்காது. எந்தத் தோற்றமும் அன்றைக்குக் கையில் என்ன கிடைக்கும் என்பதைப் பார்த்துத்தான் முடிவாக வேண்டும்.

அப்புறம், ஓரவெளிச்சம் அண்ணா, நீங்கள் “ஒரே மேசை” என்று அழகாகச் சொல்லிவிட்டீர்கள். ஆவி எங்கே? சூப்பிலிருந்து எழும் ஆவி படத்தில் தெரிய வேண்டுமென்றால் பின்னணி இருட்டாக இருக்க வேண்டும், வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும். பழச்சாறுக்குப் பொருந்தும் வெளுத்த பின்னணியில் ஆவி மாயமாகிவிடும். ஆவி இல்லாத சூப்பு, ஆறின சூப்பு. ஆகவே ஒரே பின்னணி என்பது ஆசைக்குச் சரி, வேலைக்கு ஆகாது.

ஐஸும் அப்படித்தான். விளக்குச் சூட்டில் உண்மையான ஐஸ்கட்டி சில நிமிடம்கூட உருவம் காக்காது. அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக்கில் செய்த கட்டி போடுவோம். டம்ளருக்கு வெளியே தெரியும் “குளிர்ந்த” துளிகள் கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி கலந்து தெளித்தவை, மணிக்கணக்கில் வழியாது.

சும்மா_வந்தேன்:
இதெல்லாம் ஏமாற்று வேலை இல்லையா?

வெந்நீர்:
எதை விற்கிறோம் என்பதைப் பொறுத்தது. இது பழைய வழக்கு. ஷேவிங் க்ரீம் விளம்பரம் ஒன்றில், உப்புத்தாளையே வழித்துக் காட்டுவதாகச் சொல்லி, பிளெக்சிகிளாஸ் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மேல் மணலைத் தூவிக் காட்டினார்கள். 1965-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது ஏமாற்று என்றது. அதே தீர்ப்பில் நம் தொழிலும் வருகிறது. ஐஸ்கிரீமுக்குப் பதில் மசித்த உருளைக்கிழங்கை வைத்துப் படம் எடுப்பது தன்னளவில் குற்றமில்லை. ஆனால் “எவ்வளவு வழவழப்பு, நீங்களே பாருங்கள்” என்று அந்தக் கிழங்கையே சான்றாகக் காட்டினால் குற்றம். சில ஆண்டுகளில் கேம்ப்பெல் என்ற சூப் கம்பெனியும் மாட்டியது. காய்த்துண்டுகள் மேலே தெரியட்டும் என்று கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டிருந்தார்கள்.

மஞ்சள்கோப்பை விற்பது ஐஸ்கிரீம் என்றால் ஐஸ்கிரீம் உண்மையானதாகவே இருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் துளி, பனி, புகை பற்றி நான் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. பழச்சாறு விளம்பரத்தில் அக்ரிலிக் கட்டி மிதக்கலாம். ஐஸ்கட்டியே விற்கிறவர் அதைச் செய்ய முடியாது.

கட்டைவிரல்:
ஆவி விஷயத்தில் வெந்நீர் அக்கா என் பக்கம் வந்துவிட்டார், நன்றி. இப்போது வெளிச்சக்காரருக்கு வருகிறேன். உங்கள் நீள நிழல் போன் திரையில் இரண்டு விரல் அகலத்தில் எப்படித் தெரியும்? இன்னொன்று, ராத்திரி ஆனால் பாதிப் பேர் போனில் கண்ணுக்கு இதமான மஞ்சள் திரை போட்டுக்கொள்கிறார்கள். நீங்கள் கெல்வின் கணக்குப் பார்த்து எடுத்த கோடை வெயில், அந்தத் திரையில் குளிர்கால மாலையாக மாறிவிடும். அவ்வளவுதான் உங்கள் பருவம்.

ஓரவெளிச்சம்:
மஞ்சள் திரையில் என் வெளிச்சத்தின் நிறம் போகும், உண்மை. உங்கள் பின்னணி நிறமும் அதோடு சேர்ந்தே போகும், அதை ஏன் சொல்லவில்லை? நிறம் போன பிறகும் மிஞ்சுவது நிழலின் திசை, ஓரத்தின் கூர்மை, இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள இடைவெளி. வாதம் வேண்டாம், சோதித்துப் பார்க்கலாம். மஞ்சள்கோப்பை, உங்கள் பழைய படங்களை எடுங்கள். கறுப்பு வெள்ளையாக்குங்கள். 150 பிக்சல் அகலத்துக்குச் சுருக்குங்கள். அலுவலகத்துக்கு வெளியே உள்ளவர்களிடம் காட்டி “இது எந்தக் காலம், சூடா குளிரா?” என்று மட்டும் கேளுங்கள்.

அச்சுமை:
அந்தச் சோதனை நடக்கும்வரை நிறத்தைப் பற்றி ஒரு புலம்பல். பருவ நிறம் என்று திரையில் பார்த்துப் பளிச்சென்ற ஆரஞ்சைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார்கள். நான்கு மை அச்சில் அந்த ஆரஞ்சு வராது. செங்கல் மாதிரி மங்கி வரும், பிறகு அச்சகத்தைத் திட்டுவார்கள். போஸ்டரும் உண்டு என்றால் நிறத்தை முதலில் தாளில் பாருங்கள்.

இன்னொன்று, குளிர் காலம் என்றால் பழுப்பு என்று எல்லாருக்கும் மனதில் ஊறிவிட்டது. கேக் பழுப்பு, மேசை பழுப்பு, துணி பழுப்பு. கடைசியில் சேறு. பக்கத்தில் என்ன நிறம் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் ஒரு நிறம் கண்ணுக்குத் தெரியும் என்று பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரோல் 1839-லேயே புத்தகமே எழுதிவிட்டார். சித்திரத் திரைச்சீலை நெய்யும் தொழிற்சாலையின் சாயப் பிரிவில் வேலை பார்த்துக் கண்டுபிடித்தது. பழுப்பு கேக்கைச் சாம்பல் கலந்த நீலத்தில் வைத்துப் பாருங்கள், அடுப்பிலிருந்து இப்போதுதான் இறக்கினது போல இருக்கும். பருவத்தின் நிறம் உணவில் இருந்தால் போதும், பின்னணி அதற்கு எதிர்ப்பக்கம் நிற்கட்டும்.

வெந்நீர்:
இதற்கு என் ஓட்டு. கரண்டிக்கும் ஒரு வார்த்தை: 2012-இல் வந்த ஆய்வு ஒன்றில், கரண்டியின் பிடி பார்ப்பவரின் வலக்கைப் பக்கம் இருந்தால் வாங்கும் ஆசை கூடுகிறது என்று கண்டார்கள். சூப் படத்தில் நான் எப்போதும் அப்படித்தான் வைப்பேன்.

சும்மா_வந்தேன்:
நான் இடக்கைக்காரன். என்னை ஏன் பட்டினி போடுகிறீர்கள்?

மஞ்சள்கோப்பை:
சோதித்துவிட்டேன். பக்கத்து அலுவலகம், தேநீர் நேரம், கையில் கிடைத்தவர்கள்.

கூர்மையான குட்டை நிழலோடு இருந்த பழச்சாறு படத்தைப் பெரும்பாலும் உடனே “வெயில்” என்றார்கள். அங்கே ஓரவெளிச்சம் ஜெயித்தார். இலை தூவின சூப் படத்தில் இலை என்னவென்றே யாருக்கும் தெரியவில்லை, ஒருவர் சிப்ஸா என்று கேட்டார். அதைவிட எனக்கு அதிர்ச்சி, நேர் மேலிருந்து எடுத்த சூப் படம். நான் பெருமையாக நினைத்திருந்த படம் அது. சூடான பொருள் என்று ஒருவரும் சொல்லவில்லை, பெயின்ட் டப்பா என்றுகூட ஒரு பதில் வந்தது. அதே சூப்பைச் சாய்வாக, இருட்டுப் பின்னணியில் ஆவியோடு எடுத்திருந்த படத்தை எல்லாரும் பிடித்துவிட்டார்கள். மேலிருந்து எடுத்தால் ஆவிக்குப் பின்னால் இருட்டு கிடையாது, கிண்ணம்தான் இருக்கிறது. இது எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் என் பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்துகிறேன். எழுத்துரு, லோகோ இடம், தட்டு மாறாது. பின்னணி ஒன்று இல்லை, இரண்டு: வெளுத்தது ஒன்று, இருட்டு ஒன்று. சாறும் ஐஸ்கிரீமும் சாய்வாக, உயரத்து வெளிச்சத்தில். சூப் தாழ்ந்த வெளிச்சத்தில், ஆவிக்கு மட்டும் பின்னால் ஒரு சின்ன விளக்கு. கேக்குக்கு அச்சுமை சொன்ன நீலத்தை ஒரு துணியில் முயன்று பார்ப்பேன். ப்ராப் படத்துக்கு ஒன்றுக்கு மேல் கிடையாது.

கட்டைவிரல்:
சோதனையில் நான் பாதி தோற்றேன், பாதிதான். நீங்கள் படத்தை நிறுத்திக் காட்டிக் கேட்டீர்கள். தள்ளிக்கொண்டு போகிறவரிடம் கேட்கவில்லை. பருவம் தொடங்கும் முதல் வாரத்துக்கு மட்டும் உங்கள் விதியெல்லாம் உடைத்த ஒரு விளம்பரம் எனக்குக் கொடுங்கள், மற்ற வாரங்களில் உங்கள் முகம் இருக்கட்டும். போனுக்கு 9:16 நெடுக்கில் எடுக்கும்போது மேலே மூன்றில் ஒரு பங்கு காலியாக விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எழுத்து சூப்பில் விழும்.

மஞ்சள்கோப்பை:
முதல் வாரம் பற்றி மேலதிகாரியிடம் கேட்க வேண்டும். அவருக்குப் பனித்துளிச் சித்திரம் என்றால் உயிர், அதை நீக்கப் போகிறேன் என்பதையே இன்னும் சொல்லவில்லை.

வெந்நீர்:
அதெல்லாம் இருக்கட்டும். படம் எடுக்கும் தேதி என்ன என்று கேட்டேன், இன்னும் பதில் வரவில்லை.