அப்சர்வபிள்: சில நேரம் கோரிக்கை போகவே இல்லை, சில நேரம் இரண்டு முறை போகிறது, ஏன்?

கேள்வி
வலைச் செயலிகள் எழுதும் ஆங்குலருக்குப் புதியவன், இதுவரை ஜாவாஸ்கிரிப்டின் ப்ராமிஸ்தான் (பிறகு வரப்போகும் விடைக்கான பொருள்) பழக்கம், இங்கே அதற்குப் பதில் அப்சர்வபிள் கிடைக்கிறது. சேமி பொத்தானை அழுத்தினால் சர்வீஸில் உள்ள, சர்வருக்குத் தரவை அனுப்பும் போஸ்ட் மெத்தடைக் கூப்பிடுகிறேன், பிழை எதுவும் வரவில்லை, ஆனால் நெட்வொர்க் டேபில் கோரிக்கையே இல்லை. இன்னொரு பக்கத்தில் நேர்மாறு. மேலே எண்ணிக்கை காட்ட ஒரு காம்பொனென்ட், கீழே பட்டியலுக்கு ஒன்று, இரண்டிலும் ஏசிங்க் பைப் (அப்சர்வபிளின் மதிப்பை டெம்ப்ளேட்டில் காட்டுவது), பட்டியலைக் கேட்கும் கெட் கோரிக்கை இரண்டு முறை போகிறது. இரண்டு நாளாக மண்டையைக் குடைகிறது.

பதில் 1
இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ப்ராமிஸ் உங்கள் கைக்கு வரும்போதே வேலை தொடங்கியிருக்கும். அப்சர்வபிளை இன்னும் கூப்பிடாத ஒரு ஃபங்ஷன் என்று நினைத்துக்கொள்ளுங்கள், சப்ஸ்கிரைப் செய்வதுதான், அதாவது அதன் மதிப்புகளைக் கேட்கப் பதிவு செய்வதுதான், அதைக் கூப்பிடுவது. கூப்பிடாவிட்டால் ஓடாது, இரண்டு முறை கூப்பிட்டால் இரண்டு முறை ஓடும். ஏசிங்க் பைப் ஒவ்வொன்றும் தனியாக சப்ஸ்கிரைப் செய்கிறது. நியூ அப்சர்வபிள் ஒன்று எழுதி, உள்ளே முதல் வரியில் கன்சோல் லாக் போட்டு, சப்ஸ்கிரைபை எடுத்தும் சேர்த்தும் ஓட்டிப் பாருங்கள், எனக்கு அப்படித்தான் பிடிபட்டது.

பதில் 2
சரிதான், ஆனால் எல்லா அப்சர்வபிளும் அப்படி இல்லை. ஒவ்வொரு சப்ஸ்கிரைபுக்கும் புதிதாக ஓடுவதை கோல்ட் என்பார்கள், கோரிக்கை அனுப்பும் ஆங்குலரின் ஹெச்டிடிபி கிளையன்ட் தருவது அந்த வகை. சப்ஜெக்ட் (நெக்ஸ்ட் கூப்பிட்டு நாமே மதிப்பை அனுப்பும் அப்சர்வபிள்) ஹாட், கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நெக்ஸ்ட் கூப்பிட்டதும் மதிப்பு போய்விடும், பிறகு வந்தவருக்குப் பழையது கிடைக்காது. உங்கள் கெட்டுக்கு ஷேர்ரீப்ளே(1) சேர்த்துவிடுங்கள், அது ஒரே ஓட்டத்தை எல்லோருக்கும் பகிர்ந்து, கடைசி மதிப்பைப் பிறகு வருபவருக்கும் தரும்.

கேட்டவர்
சப்ஸ்கிரைப் செய்ததும் போஸ்ட் சரியாகிவிட்டது, மிக்க நன்றி. ஆனால் ஷேர்ரீப்ளே சேர்த்தும் கெட் இரண்டு முறைதான் போகிறது. பட்டியல் எடுக்கும் மெத்தடுக்குள் போட்டிருக்கிறேன், இரண்டு காம்பொனென்டும் அதைத்தான் கூப்பிடுகின்றன.

பதில் 2
அங்கேதான் சிக்கல். மெத்தடைக் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் புது அப்சர்வபிள் பிறக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனி ஷேர்ரீப்ளே, அப்புறம் எங்கே பகிர்வது? சர்வீஸில் ப்ராப்பர்ட்டியாக ஒரே முறை உருவாக்கி, இருவருக்கும் அதையே கொடுங்கள்.

கேட்டவர்
இப்போது ஒரே கெட்! ஆனால் புதிதாகச் சேமித்தது பட்டியலில் வரவில்லை.

பதில் 1
ஷேர்ரீப்ளே பழைய விடையைப் பிடித்து வைத்திருக்கிறது. சர்வீஸில் ஒரு சப்ஜெக்ட் வையுங்கள். அதற்கு ஸ்டார்ட்வித் (தொடக்கத்திலேயே ஒரு மதிப்பை அனுப்பும்), பிறகு ஸ்விட்ச்மேப்புக்குள் (ஒவ்வொரு மதிப்புக்கும் உள்ளே இருப்பதைப் புதிதாக ஓட்டும்) கெட், கடைசியில் ஷேர்ரீப்ளே. போஸ்ட் முடிந்ததும் அந்த சப்ஜெக்டில் நெக்ஸ்ட் கூப்பிட்டால் கெட் மறுபடி ஓடும், இரண்டு காம்பொனென்டும் சேர்ந்தே மாறும்.